கரையில் கிடந்தவருக்குப் பெயர் தேடுவது எப்படி

யாரென்று தெரியாத ஒருவர் கடற்கரையில் இறந்து கிடந்தார் என்று படித்ததும் நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது “யார் கொன்றிருப்பார்கள்?” என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையுங்கள். ஆள் யாரென்று தெரியாதவரை அதற்கு நீங்கள் சொல்லும் எந்தப் பதிலும் கதைதான். தேட வேண்டியது பெயரை. வீட்டில் உட்கார்ந்தபடி, பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு, போலீசாருக்குத் தலைவலி கொடுக்காமல், எந்தக் குடும்பத்தையும் நோகடிக்காமல் அதை எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

ஒரே ஒரு வழக்கைத் திரும்பத் திரும்ப இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1948 டிசம்பர் 1ஆம் தேதி காலை ஆறரை மணி வாக்கில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தை ஒட்டிய சோமர்ட்டன் கடற்கரையில், தடுப்புச் சுவரில் தலையைச் சாய்த்துக் கால்களை நீட்டியபடி கிடந்தவரின் வழக்கு. கோட்டு, டை, துடைத்துப் பளபளக்கும் ஷூ, கோட்டுக் காலரில் ஒரு சிகரெட் துண்டு. உடுப்புகளில் லேபிள் இல்லை, பர்ஸ் இல்லை, தொப்பி இல்லை. அவருக்குக் கார்ல் வெப் என்று ஒரு பெயர் சொல்லப்பட்டது 2022 ஜூலையில். இடையில் போன 73 வருஷத்தில் எதில் நேரம் வீணானது, எது வேலைக்கு ஆனது என்று பார்த்தாலே இந்த வேலையில் பாதி புரிந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். உடலை முதலில் பார்த்தவரே நீங்களாக இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தொடாதீர்கள், பையைத் துழாவாதீர்கள், மேலே துணி போர்த்தாதீர்கள். அலை ஏறிக்கொண்டிருந்தால் அதைப் போனில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள், என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள். படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற வேலை வேண்டவே வேண்டாம், அந்த ஆளின் அம்மா அதைக் குடும்பக் குழுவில் பார்த்துத்தான் மகன் செத்த செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சரி, இனி மேசை வேலை.

கடல் கொண்டுவந்ததா, நடந்து வந்தாரா

முதலில் தீர்க்க வேண்டியது இதுதான், ஏனென்றால் இதைப் பொறுத்து நீங்கள் தேடுகிற பரப்பளவே மாறிவிடும். சோமர்ட்டன் மனிதர் நடந்து வந்தவர். உடுப்பு காய்ந்திருந்தது, ஷூவில் அழுக்குக்கூட இல்லை, முந்தின நாள் மாலையே அதே இடத்தில் ஒருவர் படுத்துக் கிடந்ததைப் பார்த்த ஆட்கள் இருந்தார்கள். அப்படியென்றால் ரயில், பஸ், விடுதி, லாட்ஜு, சாமான் வைக்கும் அறை என்று அந்த ஊருக்குள் தேட வேண்டும்.

கடல் கொண்டுவந்து போட்ட உடல் வேறு மாதிரி. அது கிடந்த இடம் பயணத்தின் முடிவு, அவ்வளவுதான். மூழ்கிய உடல் அடியில் கிடந்து, உள்ளே வாயு சேர்ந்ததும் மேலே வரும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம், குளிர்ந்திருந்தால் ரொம்ப நாள், ஆழமும் குளிரும் அதிகமென்றால் வராமலேகூடப் போகும். வந்தபிறகு காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குப் போகும். அதனால் பக்கத்து ஊர்க் காணாமல் போனோர் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ‘யாரும் பொருந்தவில்லை’ என்று முடித்துவிடாதீர்கள். கரையோரம் முழுக்க, எல்லை தாண்டி அடுத்த நாடு வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கலாம்.

இதிலே இன்னொரு பொறி உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரைகளில் 2007 ஆகஸ்டிலிருந்து ஷூவோடு பாதம் மட்டும் ஒதுங்க ஆரம்பித்தது. தொடர் கொலைகாரன், கடத்தல் கும்பல் என்று பேசாத பேச்சு இல்லை. யாரும் வெட்டவில்லை. தண்ணீரில் நாள்பட்ட உடலில் கணுக்கால் மூட்டு தானாகவே விட்டுப்போகும், இந்தக் காலத்து ஓட்ட ஷூவின் அடிப்பாகம் நுரைப்பொருளாக இருப்பதால் பாதத்தை மிதக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். பழைய தோல் ஷூவாக இருந்தால் அடியிலேயே கிடந்திருக்கும். அந்த ஷூவே ஒரு துப்பும்கூட. எந்த மாடல் எந்த வருஷம் சந்தைக்கு வந்தது என்று கம்பெனியிடம் கேட்டால், ‘இந்த ஆள் இந்த வருஷத்துக்கு முன்னால் செத்திருக்க முடியாது’ என்று ஒரு கோடு போட்டுவிடலாம்.

பொருள்கள் ஆளைச் சொல்லாது, ஆளைச் சுற்றி இருந்தவர்களைச் சொல்லும்

எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், நான் அதிகமாக முட்டாளானதும் இதில்தான்.

ஒரு நோட்டு எடுத்து மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் பொருள். இரண்டாவதில் அதிலிருந்து உறுதியாகத் தெரிவது. மூன்றாவதில் ஊகம், அது யாருடைய ஊகம் என்ற விவரத்தோடு. சோமர்ட்டன் மனிதரின் பையில் இருந்ததை வைத்துச் செய்து பார்க்கலாம். ஹென்லி பீச்சுக்கு ஒரு இரண்டாம் வகுப்பு ரயில் டிக்கெட், பயன்படுத்தாதது. நகரத்திலிருந்து வரும் பஸ் டிக்கெட், பயன்படுத்தினாரா என்று உறுதியில்லை. அலுமினியச் சீப்பு. பாதி தீர்ந்த சூயிங் கம் பாக்கெட். ஆர்மி கிளப் சிகரெட் பெட்டி, ஆனால் உள்ளே இருந்தவை கென்சிட்டாஸ் என்ற வேறு சிகரெட், ஏழு. ஒரு தீப்பெட்டி. உறுதி என்கிற பத்தியில் என்ன எழுதலாம்? ஒரு ரயிலுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறார், அதில் போகவில்லை. புகைப்பவர். அவ்வளவுதான். ‘வேறு பிராண்டு சிகரெட்டைப் பெட்டியில் வைத்து விஷம் கொடுத்துவிட்டார்கள்’ என்பதெல்லாம் மூன்றாவது பத்தி. இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர் மூன்றாவது பத்தியைத்தான் இரண்டாவது என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

1949 ஜனவரி 14ஆம் தேதி அடிலெய்டு ரயில் நிலையத்தின் சாமான் அறையில், யாரும் எடுக்க வராத ஒரு பழுப்புப் பெட்டி கிடைத்தது. லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது. இது அவருடையதுதான் என்று எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? பெட்டிக்குள் ஒரு ஆரஞ்சு நிற மெழுகு நூல் இருந்தது. இறந்தவரின் கால்சட்டைப் பையின் உள்துணி கிழிந்த இடத்தில் தையல் போட்டிருந்ததும் அந்த மாதிரி நூல்தான். இப்படி ஒரு முடிச்சு இல்லாமல், பக்கத்தில் கிடந்தது என்பதற்காக எந்தப் பொருளையும் இறந்தவர் கணக்கில் எழுதாதீர்கள். கடற்கரையில் ஆயிரம் பேருடைய சாமான் கிடக்கும்.

அந்தப் பெட்டியில்தான் விஷயம். ஒரு டையில் ‘டி. கீன்’ என்று எழுதியிருந்தது, ஒரு சலவைப் பையிலும் ஒரு பனியனிலும்கூட அதே பெயர், பனியனில் மட்டும் எழுத்து கொஞ்சம் மாறி. போலீசார் என்ன செய்தார்கள்? கீன் என்ற பெயரில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று நாடு நாடாகத் தேடினார்கள். யாரும் இல்லை. அப்புறம், இது அவர் பெயர் இல்லை என்று தெரிந்தேதான் லேபிள்களைப் பிய்த்தவர்கள் இதை மட்டும் விட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி அந்தத் துப்பைக் கீழே போட்டுவிட்டார்கள். 2022இல் பெயர் வந்தபோது பார்த்தால், அவருடைய அக்காள் கணவரின் குடும்பப் பெயர் கீன்! அத்தானின் பழைய டையை மச்சான் கட்டிக்கொள்வது எந்த ஊரில்தான் இல்லை. பெயர் அவருடையது இல்லை என்பது வரைக்கும் போலீசார் சரி. அப்படியானால் யாருடையது என்ற அடுத்த கேள்விதான் விட்டுப்போயிற்று.

அதனால் உடுப்பில் ஒரு பெயர் கிடைத்தால் அந்தப் பெயர்க்காரரைக் காணாமல் போனவர்களில் மட்டும் தேடாதீர்கள். உயிரோடு இருக்கும், எங்கும் போகாத அந்தப் பெயர்க்காரர்களின் மனைவி வீட்டில் யாராவது காணோமா, கூடத் தங்கியிருந்தவர், கூட வேலை செய்தவர் யாராவது காணோமா என்று பாருங்கள். ஒரு காகிதத்தில் பெயரை நடுவில் எழுதிச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். ரொம்ப நேரம் பிடிக்கும், நிறைய காப்பி தேவைப்படும்.

உடுப்பு எங்கே செய்தது என்பதிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். அவருடைய கோட்டின் தையலைப் பார்த்து அது அமெரிக்கத் தையல் என்றார்கள், உடனே ஆளும் அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் சொல்லப்பட்ட பெயருக்குரியவர் மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரேயில் பிறந்தவர். உடுப்புக்குக் கால் உண்டு, ஆளைவிட அதிகமாக ஊர் சுற்றும்.

இனி, இந்த வழக்கில் எல்லோரும் பேசுகிற அந்தக் குறியீடு. கால்சட்டையின் சின்ன உள்பையில் சுருட்டிவைத்த ஒரு துண்டுக் காகிதம், அதில் பாரசீக மொழியில் ‘தமாம் ஷுத்’, முடிந்தது என்று அர்த்தம். உமர் கய்யாமின் ருபாயியாத் என்ற கவிதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்தது. புத்தகமே பிறகு ஒரு காருக்குள்ளிருந்து கிடைத்தது, அதன் பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண்ணும், ஐந்து வரி ஆங்கில எழுத்துகளும் அழுத்தி எழுதிய தடம். உளவாளி என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள். நானும் பல இரவுகள் அந்த எழுத்துகளை முன்னாலும் பின்னாலும் மாற்றிப் போட்டுப் பார்த்தவன்தான், வெட்கமாகத்தான் இருக்கிறது. பெயர் வந்தது குறியீட்டிலிருந்து இல்லை. ஐந்து வரியில் புள்ளியியல்படி எதையும் நிரூபிக்கிற அளவுக்கு எழுத்தே கிடையாது, யார் என்ன விடை சொன்னாலும் சரியா தப்பா என்று சோதிக்க வழியில்லை. சோதிக்க முடியாத துப்பில் மணிக்கணக்காக உட்காராதீர்கள், அது சுவாரசியமாக இருக்கிறது என்பதே அதன் ஆபத்து.

லேபிளைப் பிய்ப்பதை எல்லோரும் உளவு வேலை என்று எடுத்துக்கொள்வதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். 2009 ஜூனில் அயர்லாந்தின் ஸ்லைகோ நகரத்தில் ‘பீட்டர் பெர்க்மன்’ என்று பொய்ப்பெயர் கொடுத்து ஒருவர் ஓட்டலில் தங்கினார். ஒரு ஊதா நிறப் பிளாஸ்டிக் பையில் எதையோ நிரப்பிக்கொண்டு வெளியே போவதும், திரும்பி வரும்போது பை இல்லாமல் வருவதும் கேமராவில் தெரிகிறது. எங்கே போட்டார் என்பது எந்தக் கேமராவிலும் இல்லை. தபால் நிலையத்தில் தபால்தலையும் வான் அஞ்சல் ஒட்டிகளும் வாங்கியிருக்கிறார். ஜூன் 16ஆம் தேதி ராஸஸ் பாயின்ட் கடற்கரையில் உடல் கிடைத்தது, உடுப்புகளில் லேபிள் வெட்டப்பட்டிருந்தது. பிரேதப் பரிசோதனையில் முற்றிய புற்றுநோய். சாகப்போவது தெரிந்த ஒருவர் தன் பெயரைத் தானே அழித்துவிட்டுப் போயிருக்கலாம், அதற்கு ஒற்றன் கதை தேவையே இல்லை. அவருக்கு ஒரு சிறுநீரகம் எடுக்கப்பட்டிருந்தது. லேபிளை வெட்டலாம், அறுவை சிகிச்சைத் தழும்பை வெட்ட முடியாது. நான் தேடுவதென்றால் அந்தத் தழும்பிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

உடம்பு சொல்வது

பெரும் விபத்துகளில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வகுத்திருக்கும் முறையில் முதல்தர அடையாளம் மூன்றே மூன்றுதான்: கைரேகை, பல், டி.என்.ஏ. பச்சை குத்தியது, தழும்பு, நகை, உடுப்பு எல்லாம் துணைக்குத்தான். காணாமல் போனவர் விவரத்துக்கு மஞ்சள் படிவம், கிடைத்த உடலுக்கு இளஞ்சிவப்புப் படிவம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவார்கள். நீங்களும் உங்கள் நோட்டில் அப்படியே செய்யலாம்.

தண்ணீரில் ஊறிய கையில் ரேகை எடுக்க முடியாது என்று நினைப்பார்கள். தோல் கையுறை மாதிரிக் கழன்று வந்திருந்தால், நிபுணர் அதைத் தன் உறை போட்ட விரலில் மாட்டிக்கொண்டு மையில் உருட்டி ரேகை எடுப்பது உண்டு. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பிவைத்த வேலை அது. அப்படியே ரேகை கிடைத்தாலும் அந்த ஆளின் ரேகை ஏற்கெனவே எங்காவது பதிவாகியிருந்தால்தான் பயன். சோமர்ட்டன் மனிதரின் ரேகை நல்ல நிலையில் இருந்தது, வெளிநாடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள், எங்கேயும் பொருந்தவில்லை.

பல் சிகிச்சை, எலும்பில் வைத்த உலோகத் தகடு, செயற்கை மூட்டு, இதயத்துக்கான பேஸ்மேக்கர் இவையெல்லாம் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பேஸ்மேக்கர் மாதிரியானவற்றில் வரிசை எண் இருக்கும், எந்த மருத்துவமனைக்குப் போனது என்று தயாரித்தவரிடம் கேட்கலாம். கேட்க வேண்டியது போலீசார், நீங்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

வயது, உயரம் பற்றி: மதிப்பீட்டைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். சோமர்ட்டன் மனிதருக்கு 40 முதல் 45 என்றார்கள், 2022இல் வந்த பெயருக்குரியவருக்கு அப்போது 43. அது புதிய உடல், அதனால் பொருந்தியது. எலும்பு மட்டும் கிடைத்தால் நான் இரண்டு பக்கமும் பத்து வயது கூட்டித்தான் தேடுவேன். எடையைக் கண்டுகொள்ளவே மாட்டேன்.

முகத்தை நம்பாதீர்கள். இதைக் கொட்டை எழுத்தில் எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். சோமர்ட்டனில் முதல் வாரமே பத்திரிகையில் ஒருவர் பெயர் வந்தது, இறந்தவர் இவராக இருக்கலாம் என்று. அந்த ஆள் மறுநாளோ என்னவோ தானே காவல் நிலையத்துக்கு நடந்து வந்து “நான் உயிரோடுதான் இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1949 பிப்ரவரித் தொடக்கத்துக்குள் ‘இவர்தான்’ என்று எட்டு வெவ்வேறு அடையாளங்கள் சொல்லப்பட்டுவிட்டன. ஒரு மரம்வெட்டுபவர் என்று பல பேர் சேர்ந்து சொன்னார்கள், அந்த மரம்வெட்டுபவருக்கு வயது 63. 1953 நவம்பரில் போலீசார் தங்களுக்கு 251ஆவது ‘தீர்வு’ வந்திருப்பதாகச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இறந்த முகத்தில் நிறமும் தசையும் விழுந்துவிடும், பார்க்க வருகிறவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு முகம் இருக்கும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் இரண்டு புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக் காதையும் தாடையையும் கோடு போட்டுக் காட்டுகிற படமும் அதே ரகம்தான்.

பச்சை குத்தியது மட்டும் விதிவிலக்கு மாதிரி வேலை செய்யும், வித்தியாசமானதாக இருந்தால். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் 1992இல் ஆற்றில் கிடைத்த பெண்ணின் கையில் ஒரு கறுப்புப் பூ, பச்சை இலைகள், கீழே சில எழுத்துகள். 2023 மே மாதம் இன்டர்போலும் மூன்று நாட்டுப் போலீசாரும் இப்படிப்பட்ட 22 பெண்களின் விவரத்தை வெளியிட்டபோது, பிரிட்டனில் இருந்த குடும்பத்தினர் ஒருவர் செய்தியில் அந்தப் பச்சையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கார்டிஃபைச் சேர்ந்த ரீட்டா ராபர்ட்ஸ். 31 வருஷம் அந்தப் பூ கோப்புக்குள்ளேயே இருந்தது, பார்க்க வேண்டிய கண்ணில் படவில்லை. ஆகவே நீங்கள் எதையாவது பரப்பத்தான் வேண்டுமென்றால், போலீசார் ஏற்கெனவே வெளியிட்ட பச்சை, நகை, உடுப்புப் படங்களைப் பரப்புங்கள். பிணத்தின் முகம் வேண்டாம்.

யாரைக் காணோம் என்பதற்குப் பதில், யார் நின்றுபோனார்கள்

காணாமல் போனோர் பட்டியலில் தேடுவது அவசியம், செய்யுங்கள். உடல் கிடைத்த நாளுக்கு முன்னாலிருந்து பல வருஷம் பின்னால் போங்கள், பிறகு வந்த புகார்களையும் பாருங்கள், சில குடும்பங்கள் பத்து வருஷம் கழித்துத்தான் புகார் கொடுக்கும். ஆனால் நிறைய பேர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். மனைவியை விட்டுப் போனவர், வீட்டோடு சண்டை, ‘வேறு எங்கேயோ நன்றாக இருக்கிறான் போல’ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டவர்.

சோமர்ட்டன் மனிதர் என்று சொல்லப்படும் கார்ல் வெப் அப்படித்தான். 1905இல் பிறந்தவர், மின்கருவிகள் செய்கிற வேலை. 1947இல் மனைவியை விட்டுப் போய்விட்டார். அவரைக் காணோம் என்று யாரும் தேடவில்லை. 1951இல் மனைவி விவாகரத்துக்கு மனுப் போடுகிறார், கைவிட்டுப் போய்விட்டார் என்று. அந்த நேரம் அவர் பெயரில்லாத கல்லறையில் இருந்திருக்கிறார். காணாமல் போனோர் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இந்த ஆள் கிடைத்திருக்க மாட்டார், விவாகரத்துப் பதிவில் கிடைத்திருப்பார்.

அதனால் தேட வேண்டியது பாதியில் நிற்கிற வாழ்க்கைகளை. பிறப்புப் பதிவு இருக்கும், கல்யாணப் பதிவு இருக்கும், இறப்புப் பதிவு இருக்காது. வாக்காளர் பட்டியலில் ஒரு வருஷம் வரைக்கும் பெயர் வரும், அப்புறம் வராது. சொத்துப் பிரிவினையில் ‘இருப்பிடம் தெரியவில்லை’ என்று ஒரு வாரிசு. ‘இவர் விவரம் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்’ என்று வழக்கறிஞர் போட்ட இரண்டு வரி விளம்பரம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய பத்திரிகைகளை இலவசமாகவே தேடலாம், இதுபோலப் பல நாடுகளில் உண்டு. பெயரின் எழுத்துப்பிழைகளையும் போட்டுத் தேடுங்கள், பழைய அச்சைக் கணினி தப்பாகத்தான் படிக்கும்.

டி.என்.ஏ: உங்களால் என்ன முடியும், என்ன முடியாது

மாதிரி எடுப்பதும் ஆய்வுக்கூட வேலையும் உங்கள் கையில் இல்லை. ஆனால் மாதிரி எங்கே மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியும், அது சின்ன உதவி இல்லை. சோமர்ட்டன் உடலை அடக்கம் செய்வதற்கு முன்னால், 1949இல், தலை தோள் வரைக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்துச் சிலை செய்து வைத்தார்கள். அந்தப் பிளாஸ்டரில் சில முடிகள் ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தன. அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் ஆபட் அனுமதி வாங்கி அந்த முடிகளை எடுத்தார், அமெரிக்காவின் வம்சாவளி ஆய்வாளர் காலின் ஃபிட்ஸ்பாட்ரிக்குடன் சேர்ந்து வேலை செய்தார். 1948இல் உடல் கெடாமலிருக்க ஏற்றிய மருந்து டி.என்.ஏவுக்கு எதிரி. அருங்காட்சியகத்தில் தூசி படிந்து கிடந்த சிலையில் இருந்த முடி வேலைக்கு ஆயிற்று. எனவே உங்கள் வழக்கிலும் கேளுங்கள்: முகமூடி அச்சு எடுத்தார்களா, பிரேதப் பரிசோதனையின் திசுக் கண்ணாடிகள் எங்காவது இருக்கின்றனவா, எடுத்த பல் எங்கே போயிற்று, இறந்தவர் ஒட்டிய தபால் உறை உண்டா?

மாதிரியிலிருந்து விவரம் வந்தபிறகு நடப்பது வம்சாவளி வேலை. ஜெட்மேட்ச் போன்ற தளத்தில் தங்கள் டி.என்.ஏவை ஏற்றி, போலீஸ் தேடலுக்குச் சம்மதமும் கொடுத்தவர்களோடு ஒப்பிடுவார்கள். எவ்வளவு பொருந்துகிறது என்பதை சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3400. ஒன்றுவிட்ட சகோதர உறவுக்கு 850 பக்கம், இரண்டுவிட்டது 230, மூன்றுவிட்டது 75 வாக்கில், இவை சராசரிதான், கூடக் குறைய வரும். வழக்கமாகக் கிடைப்பது மூன்றுவிட்ட, நான்குவிட்ட உறவுகள்தான், அதாவது பொருந்தியவருக்கே இறந்தவர் யாரென்று தெரியாது.

இனி செய்வது இது. பொருந்திய ஒவ்வொருவருக்கும் தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா என்று மேலே மரம் போடுங்கள். இரண்டு மூன்று பேருடைய மரம் ஒரே தம்பதியிடம் போய்ச் சேரும். அந்தத் தம்பதியிலிருந்து பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று கீழே எல்லோரையும், ஒருவர் விடாமல், இறக்குங்கள். இன்னொரு பக்கத்து உறவுகளுக்கும் இதே மாதிரி ஒரு மரம். எந்தக் கல்யாணத்தில் இந்த இரண்டு மரமும் சந்திக்கிறதோ அங்கே நிறுத்துங்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர்தான். சோமர்ட்டன் வழக்கில் சுமார் 4000 பேர் கொண்ட மரம் போட வேண்டிவந்தது. அதற்குள் பொருத்தமான வயதில், ஆணாக, இறந்த தேதியே இல்லாமல் ஒருவர் நின்றார். அப்புறம் தாய்வழி உறவில் உயிரோடிருப்பவர்களின் டி.என்.ஏவோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அறிவித்தார்கள்.

அமெரிக்காவின் ப்ராவின்ஸ்டவுன் மணல்மேடுகளில் 1974 ஜூலை 26ஆம் தேதி கிடைத்த பெண்ணுக்கும் இப்படித்தான் பெயர் வந்தது. கைகளை வெட்டிவிட்டார்கள், ரேகைக்கு வழியில்லை. பல முறை தோண்டி எடுத்தார்கள், முகத்தை மண்ணிலும் கணினியிலும் உருவாக்கிப் பார்த்தார்கள். 2022 அக்டோபர் 31ஆம் தேதி எஃப்.பி.ஐ. பெயரைச் சொன்னது: ரூத் மேரி டெரி, டென்னசியைச் சேர்ந்தவர், வயது 37. அதுவும் வம்சாவளி வேலைதான்.

உங்கள் குடும்பத்திலேயே யாராவது இப்படிப் போய்த் திரும்பாதவர் இருந்தால் உங்கள் சொந்த டி.என்.ஏவைக் கொடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. ஆனால் உங்கள் டி.என்.ஏ உங்களுடையது மட்டும் இல்லை, அண்ணன் தங்கை சித்தப்பா எல்லோருடையதும் அதில் இருக்கிறது. வீட்டில் பேசிவிட்டு ஏற்றுங்கள்.

பெயர் ஒன்று தோன்றிவிட்டால்

முதல் வேலை, அதைப் பொய்யாக்கப் பாருங்கள். அந்த ஆள் பிறகு எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, வேறு ஊரில் இறப்புப் பதிவு இருக்கிறதா, பெயர் மாற்றிக்கொண்டாரா, கல்யாணம் ஆகிக் குடும்பப் பெயர் மாறியதா? இரண்டு மூன்று வாரம் முட்டிப் பார்த்தும் விழவில்லை என்றால்தான் அடுத்த படி.

இரண்டாவது, யாரிடமும் சொல்லாதீர்கள். குடும்பத்துக்குப் போன் செய்யவே கூடாது. நீங்கள் தப்பாக இருந்தால் ஒரு வயதான அம்மாவை ஒன்றுமில்லாமல் அழவைத்திருப்பீர்கள். சரியாகவே இருந்தாலும், காணாமல் போனதற்குக் காரணமே அந்த வீட்டில் இருக்கும் ஒருவராக இருக்கலாம்.

வழக்கை வைத்திருக்கும் போலீசாருக்கோ மரண விசாரணை அலுவலகத்துக்கோ ஒரே பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் தேடல் கதை, எப்போது ஆர்வம் வந்தது என்பதெல்லாம் வேண்டாம். இப்படி:

“வழக்கு எண் இது. உடல் கிடைத்த தேதியும் இடமும் இவை. நான் பரிந்துரைக்கும் நபரின் பெயர், பிறந்த வருஷம், கடைசியாகப் பதிவில் வரும் தேதி இவை. ஒத்துப்போவது: உயரம், வலது முழங்காலில் அறுவைத் தழும்பு. ஒத்துப்போகாதது: முடி நிறம். சரிபார்க்க வழி: இவருடைய தங்கை உயிரோடு இருப்பதாகப் பதிவுகள் காட்டுகின்றன, நான் தொடர்புகொள்ளவில்லை. ஆவணங்களின் நகல் இணைப்பில்.”

ஒத்துப்போகாததை ஒளிக்காமல் எழுதுகிற கடிதத்தைத்தான் படிப்பவர் பொருட்படுத்துவார். ‘சரிபார்க்க வழி’ என்ற வரி இல்லாத கடிதம் அந்த 251 தீர்வுகளோடு போய்ச் சேரும்.

பதில் வர மாதக்கணக்காகும், வராமலும் போகும். பல்கலைக்கழகப் பேராசிரியர் டி.என்.ஏவோடு போய்ச் சொன்னபோதே தெற்கு ஆஸ்திரேலியப் போலீசார் அன்றைக்கே தலையாட்டிவிடவில்லை. 2021 மே மாதம் அவர்களே கல்லறையைத் தோண்டி உடலை எடுத்திருந்தார்கள், தங்கள் சோதனை முடியட்டும் என்றார்கள். அது சரியான நடைமுறைதான், எரிச்சல்படாதீர்கள். வாரத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பி அவர்களையும் எரிச்சல்படுத்தாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒன்று போதும்.

‘இல்லை, இவர் இல்லை’ என்று பதில் வந்தால், எதை வைத்து விலக்கினார்கள் என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். பல்லா, ரேகையா, டி.என்.ஏவா? அதைத் தேதியோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில், விலக்கப்பட்டவர்கள் என்று தலைப்பிட்டு எழுதிவையுங்கள், அடுத்து வருகிறவர் அதே பெயரை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடாமல் இருப்பார். அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து, கடல் கொண்டுவந்ததா நடந்து வந்தாரா என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை இன்னொரு முறை சந்தேகப்பட்டுப் பாருங்கள்.